எண்ணுவதா, அளப்பதா?

எஸ்.பி.எம். கூடுதல் கணித வினாத்தாளில் ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எண்களாகவே இருக்கும். இயல்நிலைப் பரவலின் அட்டவணை அது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கேள்வியோடு சேர்த்து அச்சிட்டே கொடுத்துவிடுகிறார்கள். படிவம் 5-இல் நிகழ்தகவுப் பரவல் பாடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் அவசரமாகப் பழகிக்கொள்வதும் அந்த அட்டவணையைத்தான். சராசரியைக் கழி, திட்ட விலக்கத்தால் வகு, அட்டவணையில் தேடு. விடை வந்துவிடும். "எக்ஸ் என்று எழுதியிருக்கிறாயே, அது எதைக் குறிக்கிறது?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.

ரவாங் பட்டணத்தில் ஒரு கடைவரிசையின் மாடியில் டியூஷன் நடத்துகிறேன். அதற்கு முன்பு இடைநிலைப் பள்ளியில் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இப்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ கணிதம் படிக்கிறவர்கள். கூட்டிக் கழிப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் தடுமாறுவது எதைக் கணக்கிடுகிறோம் என்ற இடத்தில்தான்.

நாணயம் சுண்டுகிறோம், ரயிலுக்குக் காத்திருக்கிறோம், கடையில் பில் போடுகிறோம். என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படி வருகிற ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும் விதிதான் சமவாய்ப்பு மாறி. அந்த எண்களை ஒன்று, இரண்டு என்று பட்டியலிட முடிந்தால் அது தனிநிலை மாறி. ஓர் இடைவெளிக்குள் எந்த மதிப்பும் வரலாம் என்றால் தொடர்நிலை மாறி. ரவாங் பைபாஸ் சாலையை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து நிமிடத்தில் எத்தனை வண்டி போகிறது என்பது தனிநிலை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பது தொடர்நிலை. சாலை ஒன்றுதான், கேள்விதான் வேறு.

ஐந்து காசுக் கணக்கு

தனிநிலை மாறிக்குப் பகடையைவிட எனக்குப் பிடித்த உதாரணம் நம் கடை பில். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறார்கள். 1, 2 காசில் முடிந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். 3, 4 என்றால் ஐந்துக்கு ஏறும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 பத்துக்கு ஏறும்.

இந்த வித்தியாசத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு காசு லாபம் முதல் இரண்டு காசு நஷ்டம் வரை, பூஜ்யத்தையும் சேர்த்து ஐந்தே மதிப்புகள்தான் வர முடியும். பில்லின் கடைசி இலக்கம் பத்தில் எதுவாகவும் சமமாக வரலாம் என்றால், ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டிரண்டு இலக்கங்கள் பொறுப்பு. ஆக ஒவ்வொன்றின் நிகழ்தகவும் ஐந்தில் ஒன்று. ஐந்தையும் கூட்டினால் ஒன்று. சராசரி பூஜ்யம், நாள்பட்ட கணக்கில் கடைக்காரருக்கும் லாபமில்லை, நமக்கும் நஷ்டமில்லை.

ஒரு தடவை ஒரு பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், ஒரே ஒரு சாமான் வாங்குனா? எல்லாம் 4 வெள்ளி 99 காசுன்னுதானே போட்டிருக்கான்? அப்ப ஒவ்வொரு வாட்டியும் நமக்குத்தான் ஒரு காசு போகும்லா!" சரியான பிடி. மாறி அதேதான்; அதன் ஐந்து மதிப்புகளும் அவைதான். மாறியது பரவல், அதாவது எந்த மதிப்புக்கு எவ்வளவு நிகழ்தகவு என்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

தனிநிலை என்றால் முழு எண் என்று நினைப்பதும் தவறு. சப்பாத்து அளவு ஏழு, ஏழரை, எட்டு என்று போகும். பாதத்தின் நீளம் தொடர்நிலை, கடையில் கேட்கும் அளவு தனிநிலை. தனிநிலை என்றால் மதிப்புகளுக்கு முடிவு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தலை விழும்வரை எத்தனை முறை சுண்ட வேண்டும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் அது பட்டியல்தான்.

சரியாகப் பத்து நிமிடம்

அடுத்தது ரவாங் கொமுட்டர் நிலையம். அரைமணிக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். நேரம் பார்க்காமல் போய் நிற்கிறோம். காத்திருக்கும் நேரம் 0 முதல் 30 நிமிடம் வரை எதுவும் ஆகலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. 10 முதல் 15 நிமிடத்துக்குள் ரயில் வர நிகழ்தகவு என்ன? முப்பதில் ஐந்து, அதாவது ஆறில் ஒன்று. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

சரியாகப் பத்தாவது நிமிடத்தில் வர? பூஜ்யம் என்றதும் வகுப்பு கொதிக்கும். "அப்ப யாருமே பத்து நிமிசம் நின்னதில்லையா, டீச்சர்?"

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டக் கூடாது. நாம் "பத்து நிமிடம்" என்று சொல்லும்போது, கடிகாரம் நிமிடக் கணக்கு மட்டும் காட்டினால், ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் என்றுதான் பொருள். அதன் நிகழ்தகவு முப்பதில் ஒன்று. வினாடி காட்டும் கடிகாரமாக இருந்தால் 1,800-இல் ஒன்று. பத்தில் ஒரு வினாடி காட்டினால் 18,000-இல் ஒன்று. கடிகாரம் நுட்பமாக நுட்பமாக நிகழ்தகவு தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு கயிற்றில் ஒரு சாண் வெட்டினால் அதற்கு எடை உண்டு. ஒரு புள்ளிக்கு எடை கிடையாது. ஆனாலும் கயிறு முழுவதும் புள்ளிகள்தான். தொடர்நிலை மாறியில் நிகழ்தகவும் அப்படியே: புள்ளியில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. அதனால்தான் இங்கே வளைகோட்டின் உயரத்தைப் படிக்காமல் அதன் கீழே உள்ள பரப்பை எடுக்கிறோம். தேர்வில் தரும் அட்டவணையும் பரப்புகளின் அட்டவணைதான்.

எல்லாம் இந்த இரண்டு பெட்டிக்குள் அடங்கும் என்றும் எண்ண வேண்டாம். நாளைக்கு ரவாங்கில் எத்தனை மில்லிமீட்டர் மழை? பெய்தால் எந்த அளவும் வரலாம். பெய்யாமலே போனால் பூஜ்யம்; அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் நிகழ்தகவு பூஜ்யமல்ல. இது இரண்டும் கலந்த ரகம். பாடத்திட்டத்தில் இல்லை, இருந்தாலும் சொல்லிவைப்பேன். வரையறையை நிஜமாகவே புரிந்துகொண்டவர்கள் யார் என்று அப்போது தெரிந்துவிடும்.

ஒரே கேள்வியில் இரண்டும்

பாடத்தில், எண்ணுவதற்கான ஈருறுப்புப் பரவலை அடுத்து அளப்பதற்கான இயல்நிலைப் பரவல் வருவது தற்செயல் அல்ல. நான்கு நாணயம் சுண்டினால் தலைகளின் எண்ணிக்கைக்கு 16-இல் 1, 4, 6, 4, 1 என்று ஐந்து பட்டைகள். நாணயங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பட்டைகள் நெருங்கி, விளிம்பு ஒரு மணியின் வடிவத்துக்கு வரும். இதைக் கணிதமாக 1733-இல் எழுதிக் காட்டியவர் ஆப்ரகாம் டி மாய்வர். அந்த மணியின் ஓரங்களில், நடக்கவே அரிதான இடங்களில், நிகழ்தகவு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதை ஆராய்ந்தவர்களில் தலையானவர் சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன். 2007-இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் இழப்பது இரண்டு பரவலும் ஒரே கேள்வியில் சேரும்போது. ஓர் உதாரணம். திருகாணிகளின் நீளம் இயல்நிலைப் பரவலில் இருக்கிறது. சராசரி 50 மில்லிமீட்டர், திட்ட விலக்கம் 0.2. 50.4-ஐத் தாண்டினால் கழிவு. பத்துத் திருகாணி எடுத்தால் ஒன்றுகூடக் கழிவாகாமல் இருக்க நிகழ்தகவு என்ன? முதல் மாறி நீளம், அளக்கிற சமாசாரம். அட்டவணைப்படி ஒரு திருகாணி கழிவாக 0.0228. இரண்டாவது மாறி கழிவுகளின் எண்ணிக்கை, எண்ணுகிற சமாசாரம். 0.9772-ஐப் பத்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.794. இரண்டுக்கும் எக்ஸ் என்றே எழுதுகிறவர்கள் பாதிவழியில் வழிதவறி, பத்தை அட்டவணையில் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலாவதை எக்ஸ், இரண்டாவதை ஒய் என்று பெயர் பிரித்து எழுதினாலே போதும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அட்டவணையைத் திறப்பதற்கு முன் ஒரு முழுப் பாடவேளையை மூன்று கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். எக்ஸ் எதைக் குறிக்கிறது? அதன் அலகு என்ன? அதற்கு என்னென்ன மதிப்புகள் வரலாம்? ஒவ்வொரு விடையின் முதல் வரியிலும் இவற்றை எழுதப் பழக்குங்கள். பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை இந்தப் பாடத்தை எடுத்து உட்காரும்போது நீங்களும் இதே மூன்றைக் கேட்கலாம். அதற்கு உங்களுக்குக் கூடுதல் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.