சாப்பாட்டிலும் ரசம், கண்ணாடியிலும் ரசம்!

மும்பைக்குப் புதிதாக வரும் தமிழர் ஒருவர், கரும்புச் சாற்றுக் கடைப் பலகையில் "ரஸ்" என்று இருப்பதைப் படித்தால் சற்றுத் திகைப்பார். "இந்த ஊரில் ரசத்தைத் தெருவிலா விற்கிறார்கள்?"

மிளகு ரசத்துக்கும் இந்த ரஸுக்கும் மூலம் ஒன்றுதான். வடமொழியில் "ரஸ" என்றால் சாறு. சுவை என்றும் பொருள். நாட்டியத்தின் நவரசமும் அந்த வழியில் வந்ததே.

பொன் ஆசை

ரசவாதிகள் கையில் இந்தச் சொல் வேறு வேலை செய்தது. சாதாரண வெப்பத்திலேயே நீர்போல ஓடும் உலோகமான பாதரசத்தை அவர்கள் வெறுமனே "ரசம்" என்றார்கள். அதைக் கொண்டு மட்ட உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தையே ரசவாதம். நம் சித்தர்களில் போகர் பெயர் இதில் அடிக்கடி அடிபடும். கி.பி. 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பெரூனியோ, பொன் செய்யத் துடித்த அரசர்களைக் கேலி செய்திருக்கிறார்!

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாதரசத்தில் தங்கம் கரையும். அந்தக் கலவையைச் செம்பில் பூசிச் சூடு காட்டினால், பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்குச் செம்பே பொன்னானது போலிருக்கும். உண்மையில் அது வெறும் முலாம். அந்த ஆவியோ நரம்பைக் கெடுக்கும் நஞ்சு.

ரசம் போன கண்ணாடி

முன்பு வெள்ளீயமும் பாதரசமும் கலந்துதான் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் பூசினார்கள். 19-ம் நூற்றாண்டில் வெள்ளிப் பூச்சு வந்தது. பாதரசம் போயும் பேச்சு போகவில்லை. அறைக் கண்ணாடி மங்கினால் இன்றும் "ரசம் போய்விட்டது" என்கிறோம்.

ஆயுர்வேதத்தில் முதுமையைத் தள்ளிப்போடும் பிரிவுக்கு "ரசாயனம்" என்று பெயர். மராத்திப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைக்கு அது வேதியியல் பாடம். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு வயலில் போடும் உரம்.

செங்கல்தான் மிச்சம்

பாதரசம் தங்கமானதும் உண்டு. 1941-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நியூட்ரான்களால் தாக்கி மாற்றினார்கள். கிடைத்தது கதிரியக்கத் தங்கம். சில நாட்களிலேயே சிதைந்து போகும். தாலி செய்ய உதவாது.

ஆனால் நகையை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லும் ஆட்கள் இன்னும் குறையவில்லை. புதுசாக "இரிடியம்" என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். இவர்கள் நகையைப் பானைக்குள் வைத்துத் துணி கட்டி, "பூஜை முடிய 3 நாள் ஆகும், அதுவரை திறக்காதே அம்மா" என்பார்கள். நாலாம் நாள் திறந்தால் பானைக்குள் செங்கல் இருக்கும். சாமியார் ரயில் ஏறியிருப்பார்.