969 டாலர் ஊசி: தள்ளுபடி யாருக்குப் போகிறது?

ஓசெம்பிக் என்ற சர்க்கரை நோய் ஊசிக்கு 2024-ல் அமெரிக்காவில் மாதப் பட்டியல் விலை 969 டாலர். அதே ஊசி கனடாவில் 155, டென்மார்க்கில் 122, ஜெர்மனியில் 59 டாலர். அமெரிக்க செனட்டின் சுகாதாரக் குழு அந்த ஆண்டு எடுத்து வைத்த எண்கள் இவை. உள்ளே இருக்கும் மருந்து எல்லா ஊரிலும் ஒன்றுதான், செமாகுளூடைட். தயாரிப்பதும் ஒரே கம்பெனி, டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க்.

தயாரிப்புச் செலவுதான் காரணமா என்றால், இல்லை. யேல் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2024 மார்ச்சில் வந்தது. நியாயமான லாபம் வைத்தாலும் மாதம் 5 டாலருக்குள் இந்த மருந்தை விற்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிச் செலவு அதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆராய்ச்சிச் செலவு மட்டுமே காரணம் என்றால், ஜெர்மனிக்காரர் எப்படி 59 டாலரில் தப்பிக்கிறார்?

நான் மருத்துவன் கிடையாது, மென்பொருள்காரன். ஒரு சிஸ்டம் புரியவில்லை என்றால், பணம் எந்த வழியாக ஓடுகிறது என்று படம் போட்டுப் பார்ப்பது பழக்கம். இதிலும் அப்படித்தான் பார்த்தேன்.

அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிக்கும் காப்பீட்டுக்கும் நடுவில் ஓர் இடைத்தரகர் இருக்கிறார். பிபிஎம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எந்த மருந்துக்குக் காப்பீடு உண்டு என்ற பட்டியலைப் போடுவது அவர்கள்தான். சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் ஆகிய மூன்றே கம்பெனிகள் நாட்டின் மருந்துச் சீட்டுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க, மருந்துக் கம்பெனி ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கும். அதற்குப் பெயர் ரிபேட். பெரும்பாலும் அது பட்டியல் விலையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு.

இங்கதான் சிக்கல். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். பட்டியல் விலை 1,000 டாலர், ரிபேட் 400. கம்பெனிக்குக் கிடைப்பது 600தான். ஆனால் கடையில் நிற்கும் நோயாளிக்கு பில் 1,000-ஐ வைத்துத்தான் வரும். வருஷத் தொடக்கத்தில் காப்பீடு கை கொடுப்பதற்கு முன்னால் அவரே கட்டவேண்டிய டிடக்டிபிள் தொகை தீரும்வரை முழு 1,000-ஐயும் கட்டுவார். அதன்பிறகு 25 சதவீதம் அவர் பங்கு என்றால், 150 கட்ட வேண்டிய இடத்தில் 250 கட்டுவார். 400 டாலர் ரிபேட் பின்வாசல் வழியாக பிபிஎம்முக்கும் காப்பீட்டுக்கும் போகும். காப்பீடே இல்லாதவருக்கோ பேரம் பேச ஆளே கிடையாது.

அப்போ பட்டியல் விலையைக் குறைத்தால் என்ன? 2024 செப்டம்பரில் செனட் விசாரணையில் நோவோவின் அன்றைய தலைவர் லார்ஸ் ஜோர்கென்சனிடம் இதைத்தான் கேட்டார்கள். அவர் லெவெமிர் என்ற இன்சுலினை உதாரணம் காட்டினார். விலையைக் குறைத்ததும் அதற்குக் காப்பீடு சுருங்கிவிட்டது என்றார். லெவெமிர் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. கம்பெனி தன் பக்கத்துக்குச் சொல்லும் நியாயம்தான் அது. ஆனாலும் விலை ஏறினால் லாபம், இறங்கினால் ஆபத்து என்ற அமைப்பு அதில் நன்றாகவே தெரிகிறது. ஓசெம்பிக்கின் விலையைக் குறைத்தால் பட்டியலிலிருந்து தூக்க மாட்டோம் என்று பெரிய பிபிஎம்கள் உறுதி தந்திருப்பதாக குழுத் தலைவர் பெர்னி சாண்டர்ஸ் பதில் சொன்னார்.

உடல் எடைக்கு வரும்போது இன்னொரு சுவர். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், எடை குறைப்பு மருந்துக்குப் பணம் தரக்கூடாது என்று 2003-ல் வந்த சட்டம் சொல்கிறது. அதனால் செமாகுளூடைட் ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரைக்கு வந்தால் காப்பீடு உண்டு. வெகோவி என்ற பெயரில் எடைக்காக மட்டும் வந்தால் 2024-ல் காப்பீடு இருக்கவில்லை. இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் 2024 மார்ச்சில் வழி திறந்தது.

பணம் கட்ட முடியலன்னா நிறுத்திடலாமே என்று தோன்றலாம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. இது நாலு மாதச் செலவு இல்லை, வருஷக்கணக்கில் தொடரும் மாதத் தவணை. நடுவில் பணம் தீர்ந்தால் அதுவரை கட்டியதன் பலனும் பெரும்பாலும் போய்விடும்.

பட்டியல் விலை உண்மை விலை இல்லை என்பதைக் கம்பெனிகளே காட்டிவிட்டன. 1,060 டாலர் அளவில் விலை போட்டிருந்த ஜெப்பவுண்ட் ஊசியின் தொடக்க அளவை, 2024 ஆகஸ்டில் குப்பியில் அடைத்து 399 டாலருக்கு லில்லி நேரடியாக விற்க ஆரம்பித்தது. இடையில் யாரும் இல்லை. மெடிகேர் பேரம் பேசி முடித்த செமாகுளூடைட் விலை 274 டாலர், 2027-லிருந்து.

அமெரிக்காவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த ஊசி போடுகிறார் என்றால், ஒரு விஷயம் சொல்லுங்கள். காப்பீட்டு விலை, நேரடி ரொக்க விலை இரண்டையும் கேட்டுவிட்டு வாங்கட்டும். ரொக்கமாக வாங்கினால் அந்தப் பணம் டிடக்டிபிளில் கழியுமா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். பெரும்பாலும் கழியாது. எந்த வழி மலிவு என்பது வருஷக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.