அமைதியான நீரை நம்பாதீர்கள்

2024 மே 6. குமரிக் கரையில் புயல் எதுவும் இல்லை. ஆனாலும் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பலத்த காற்று எழுப்பும் அலைகள் பல நாள் பயணித்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் மோதும். 'கள்ளக்கடல்' என்பது இதுதான். ஐதராபாத்தில் இயங்கும் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் அப்போது முன்னெச்சரிக்கை கொடுத்திருந்தது. கடலுக்குக் கிளம்புமுன் வானிலையோடு கடல்நிலை எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

அலையைக் கண்டு அஞ்சுகிறோம். அலை உடையாத இடத்துக்குத்தான் இன்னும் அதிகம் அஞ்ச வேண்டும். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்ப வழி தேடும். இருபுறமும் நுரை பொங்க, நடுவில் ஒரு சந்து மட்டும் சலனமின்றிக் கருத்தோ கலங்கியோ தெரிந்தால் அதுதான் அந்த வழி, ரிப் கரண்ட். குழந்தைகளை இறக்கிவிட வசதியான இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அதையே. அது ஆளைக் கீழே அமிழ்த்தாது, வெளியே இழுக்கும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகிறவர்களே மூழ்குகிறார்கள். பதறாமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

ஏரியில் அலையே இல்லை. ஆனால் கோடையில் ஜேசிபி மண் அள்ளிய பள்ளத்தை மழைநீர் மூடியிருக்கும். இடுப்பளவு நீரில் நடப்பவருக்கு அடுத்த அடியில் தரை இருக்காது. வறண்ட ஏரியைப் பார்த்த ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்காதீர்கள். தலைகீழாகப் பாயவே பாயாதீர்கள்.

மூழ்குகிறவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. மூச்சு விடவே வாய் போதாது. அதனால் குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் உடனே குதிக்காதீர்கள்; அப்படிக் குதித்து உயிர்விட்டவர்கள் ஏராளம். கயிறு, வேட்டி, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுற்றுவதும் வேண்டாம். மூச்சில்லை என்றால் வாயில் ஊதி, மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள். அதற்குள் ஒருவர் 108ஐ அழைக்கட்டும்.

எச்சரிக்கையை மக்கள் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. மண் அள்ள அனுமதி கொடுக்கும்போதே பள்ளத்தின் ஓரத்தைச் சரிவாக்குவதையும் பலகை நடுவதையும் நிபந்தனையாக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் நீச்சலையும் முதலுதவியையும் கற்றுத்தர வேண்டும்.