டெலிபோன் ராட்சதனை எதிர்த்த தனி மனிதர்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. நடுவே ஓர் எண்ணெய்க் கிணறு. அங்கே இரவு பகலாக வேலை நடக்கிறது.

வேலை செய்கிறவரின் மனைவிக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எப்படித் தகவல் சொல்வது?

வீட்டில் டெலிபோன் இருக்கிறது. ஆனால் கிணற்றடிக்கு டெலிபோன் கம்பி போகவில்லை. அங்கே இருப்பது ஒயர்லெஸ் கருவி. அதில் கம்பெனி ஆபீசோடு மட்டும்தான் பேசலாம். வீட்டோடு பேச முடியாது.

இந்தக் குறையைத் தீர்க்க நினைத்தார் ஒருவர். அவர் பெயர் தாமஸ் கார்ட்டர். டல்லாஸ் நகரில் சின்னக் கம்பெனி நடத்தியவர்.

அதிசயத் தொட்டில்

கார்ட்டர் ஒரு கருவி செய்தார். பார்ப்பதற்குத் தொட்டில் போல இருக்கும். அதற்குக் "கார்ட்டர்போன்" என்று பெயர் வைத்தார்.

வீட்டில் இருந்து ஆபீசுக்கு டெலிபோன் வரும். ஆபீசில் இருப்பவர் டெலிபோன் ரிசீவரை எடுத்து அந்தத் தொட்டிலில் வைப்பார். அவ்வளவுதான்! மனைவி பேசியதும் ஒயர்லெஸ் கருவி தானாகவே அவர் குரலை அனுப்பும். அவர் பேச்சை நிறுத்தியதும் கணவர் பேசுவதைக் கேட்கும்படி மாறிக்கொள்ளும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. டெலிபோன் கம்பியில் கார்ட்டர் கை வைக்கவில்லை. எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. ரிசீவரைத் தொட்டிலில் வைப்பதோடு சரி.

1959-ல் விற்பனை தொடங்கியது. 1966 முடிய சுமார் 3,500 கருவிகள் விற்றன.

வந்தது மிரட்டல்!

அப்போது அமெரிக்காவில் டெலிபோன் என்றால் ஏ.டி. அண்டு டி. கம்பெனிதான். நாட்டின் பெரும்பாலான டெலிபோன்கள் அதன் பிடியில் இருந்தன. மக்கள் அதை "மா பெல்", அதாவது "பெல் அம்மா" என்று அழைத்தார்கள்.

அந்த அம்மா மிகவும் கண்டிப்பானவள்! கம்பி அவளுடையது. வீட்டில் இருக்கும் டெலிபோனும் அவளுடையதுதான். ஜனங்கள் மாதாமாதம் வாடகை கொடுத்து வந்தார்கள். வேறு யாருடைய பொருளையும் டெலிபோனோடு சேர்க்கக் கூடாது என்பது கம்பெனியின் விதி.

கார்ட்டர்போன் வைத்திருந்தவர்களுக்குக் கம்பெனி எச்சரிக்கை விடுத்தது. "இந்தக் கருவிக்குத் தடை இருக்கிறது. உபயோகித்தால் டெலிபோன் துண்டிக்கப்படும்" என்று சொல்லியது.

டெலிபோன் போய்விட்டால் தொழில் என்ன ஆகும்? இப்படி இருக்கும்போது கார்ட்டர்போனை யார் வாங்குவார்கள்?

முன்பு நடந்த வழக்கு

இதற்கு முன்பும் இப்படி ஒரு சண்டை நடந்தது. "ஹஷ்-அ-போன்" என்று ஒரு பொருள் இருந்தது. டெலிபோனின் பேசும் பக்கத்தில் மாட்டும் கிண்ணம் அது. அதில் வாயை வைத்துப் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது.

அதையும் கூடாது என்றது டெலிபோன் கம்பெனி. வழக்கு நடந்தது. 1956-ல் கோர்ட்டு கேள்வி கேட்டது. கையைக் குவித்து வைத்துப் பேசினால் தவறு இல்லையே, கிண்ணத்தை வைத்துப் பேசினால் மட்டும் எப்படித் தவறாகும் என்று கேட்டது. கிண்ணக்காரருக்கு வெற்றி!

ஆனால் கம்பெனி திருந்தவில்லை. கிண்ணத்துக்கு மட்டும் வழி விட்டது. மற்றப் பொருள்களுக்குத் தடை நீடித்தது.

கார்ட்டர் தொடுத்த வழக்கு

கார்ட்டர் பணிந்து போகவில்லை. பெரிய கம்பெனி மீது வழக்குப் போட்டார். டெலிபோன் விதி நியாயமா என்பதை முதலில் சர்க்காரின் தகவல் தொடர்பு கமிஷன் முடிவு செய்யட்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. விவகாரம் வாஷிங்டனுக்குப் போனது.

"கண்ட கண்ட கருவிகளை மாட்டினால் டெலிபோன் அமைப்பே கெட்டுவிடும். கோளாறு வந்தால் யார் பொறுப்பு?" என்று கம்பெனி வாதாடியது.

கமிஷன் விசாரித்தது. கார்ட்டர்போனால் டெலிபோனுக்குக் கெடுதல் என்று யாராலும் காட்ட முடியவில்லை.

1968-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி கமிஷன் முடிவு செய்தது. தீர்ப்பை எழுதியவர் நிக்கலஸ் ஜான்சன். அப்போது அவருக்கு வயது 33-தான்!

"கெடுதல் செய்யாத கருவியை இணைக்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. கம்பெனியின் விதி நியாயம் அற்றது. அது தொடக்கத்தில் இருந்தே சட்டவிரோதம்" என்பதே தீர்ப்பின் சாரம்.

கதவு திறந்தது

கம்பெனி உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "எங்கள் பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு எடுத்து, அதன் வழியாகத்தான் இணைக்க வேண்டும்" என்று புதிய நிபந்தனை போட்டது. 1970-களின் கடைசியில் அந்தத் தடையும் நீங்கியது. கமிஷனின் சோதனையில் தேறிய கருவியை யாரும் செய்யலாம், யாரும் வாங்கலாம், சுவரில் செருகலாம் என்று ஆயிற்று.

பல நிறுத்துக் கருவிகள் கடைக்கு வந்தன. ஆள் இல்லாதபோது செய்தியைப் பதிவு செய்யும் கருவி வந்தது. கடிதத்தை அப்படியே அனுப்பும் பேக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் மோடமும் வந்தது. வீடுகளுக்கு இன்டர்நெட் முதலில் நுழைந்தது அந்த மோடம் வழியாகத்தான்.

1984 ஜனவரி 1-ல் "மா பெல்" கம்பெனியே பல துண்டுகளாகப் பிரிந்தது.

செல்போனிலும் அதே சண்டை!

பிறகு செல்போன் காலம் வந்தது. பழைய சண்டையும் திரும்பி வந்தது. எந்தப் போன் தங்கள் அலைவரிசையில் பேசலாம் என்பதைச் செல்போன் கம்பெனிகளே முடிவு செய்தன. 2007 ஜூன் 29-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஒரே ஒரு செல்போன் கம்பெனிதான். இன்னொரு பெரிய கம்பெனியான வெரைசான் அதை விற்கத் தொடங்கியது 2011-ல்தான்.

இதே 2007-ல் ஸ்கைப் கம்பெனி கமிஷனுக்கு ஒரு மனு கொடுத்தது. "கார்ட்டர்போன் தீர்ப்பைச் செல்போனுக்கும் பொருந்தச் செய்யுங்கள்" என்பதே அந்தக் கோரிக்கை. அந்த ஆண்டே கமிஷன் ஒரு பகுதி அலைவரிசைக்கு விதி செய்தது. அதை ஏலம் எடுக்கிறவர், கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் தடுக்கக் கூடாது!

கிணற்றடியில் இருப்பவர் வீட்டோடு பேச வேண்டும் என்றுதான் கார்ட்டர் அந்தத் தொட்டிலைச் செய்தார். அதற்காக நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றோடு மோத வேண்டி வந்தது. அவர் வென்றது தனக்காக மட்டும் அல்ல. கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்த டெலிபோனை வாங்குகிற ஒவ்வொரு அமெரிக்கருக்காகவும்தான்.