கேட்ரிட்ஜ் வளர்ந்தது நம்ம ஊர்ப் பக்கம்

உங்கள் வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கா? இருந்தால் அதைக் கையில் எடுத்து மேல் பக்கத்தைப் பாருங்கள். ஒரு சின்ன மூடி தெரியும். மூடியைத் திறந்தால் ஒரு துளை. தபால் தலை அளவில் இருக்கும் ஒரு கார்டை அதற்குள் சொருகினால் போதும், புது விளையாட்டு வந்துவிடும்.

(அந்தக் கார்டை நாக்கில் மட்டும் வைக்காதீங்க! சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது என்று அதன் மேல் ஒரு கசப்புப் பொருளைத் தடவியிருக்கிறார்கள். பாகற்காய் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.)

இந்தத் துளை எப்படி வந்தது? இதை எல்லாம் ஜப்பானில் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் கதையின் பெரும் பகுதி நம்ம சான் ஹோசேவைச் சுற்றித்தான் நடந்தது. சன்னிவேல், மவுண்டன் வியூ, காம்ப்பெல். நீங்கள் காரில் போகும்போது தினமும் பலகையில் படிக்கும் பெயர்கள்தான்.

ஒரு பெட்டி, ஒரே விளையாட்டு

1972-இல் சன்னிவேலில், எல் கமீனோ ரியல் சாலையில், ஆண்டி கேப்ஸ் என்று ஒரு விடுதி இருந்தது. பெரியவர்கள் மாலையில் போய் உட்கார்ந்து பேசும் இடம். அட்டாரி என்ற புதிய கம்பெனி அங்கே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. அந்த விளையாட்டின் பெயர் பாங். திரையில் இரண்டு கோடுகள், ஒரு புள்ளி. கோடுகள்தான் மட்டை. புள்ளிதான் பந்து. அவ்வளவுதான்.

சில நாட்களில் மெஷின் நின்றுபோச்சு. அதைச் செய்த இன்ஜினீயர் ஆல் ஆல்கார்ன் வந்து திறந்து பார்த்தார். எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. மக்கள் போட்ட 25 சென்ட் காசுகள் உள்ளே நிரம்பி வழிந்ததால்தான் மெஷின் நின்றது!

1975-இல் பாங் வீட்டுக்கே வந்தது. டிவியோடு இணைத்து விளையாடலாம். ஆனால் அந்தப் பெட்டியில் பாங்கைத் தவிர வேறு எதுவும் விளையாட முடியாது. ஏன் தெரியுமா? பாங்கில் ப்ரோகிராமே கிடையாது. சில்லுகளும் கம்பிகளும் எப்படி இணைந்திருக்கின்றனவோ, அந்த இணைப்புதான் விளையாட்டு. நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். ஒரு வரி கோட் கூட இல்லாத வீடியோ கேம் என்று படித்தபோது எனக்கே ஆச்சரியமா இருந்தது.

வேறு விளையாட்டு வேணும்னா? வேறு பெட்டி வாங்கணும்.

இப்போது உங்கள் பாட்டி வீட்டு முறுக்கு அச்சை நினைத்துப் பாருங்கள். குழல் ஒன்றுதான். அதற்குள் போடும் ஓட்டைத் தட்டை மாற்றினால் போதும். ஒரு தட்டு போட்டால் முறுக்கு. இன்னொரு தட்டு போட்டால் ஓமப்பொடி. பட்டையான ஓட்டை உள்ள தட்டு போட்டால் ரிப்பன் பக்கோடா. ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு புதுக் குழல் வாங்கச் சொன்னால் பாட்டி சும்மா விடுவாங்களா?

வீடியோ கேமுக்கும் அந்த மாதிரி ஒரு தட்டு தேவைப்பட்டது.

ஜெர்ரி லாசன்

ஜெர்ரி லாசன் 1940-இல் நியூயார்க் நகரத்தில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். சின்ன வயதிலேயே ரேடியோ என்றால் உயிர். பள்ளிக்கூடம் படிக்கும்போதே மற்றவர்கள் வீட்டு டிவியைப் பழுது பார்த்துக் காசு சம்பாதித்தார். 1970-இல் நம்ம பகுதிக்கு வந்து ஃபேர்சைல்ட் என்ற சில்லுக் கம்பெனியில் இன்ஜினீயராகச் சேர்ந்தார். அப்போது இங்கே கறுப்பின இன்ஜினீயர்கள் மிகவும் குறைவு.

ஆபீஸ் வேலை போதாது என்று, தன் வீட்டு காராஜில் அவரே ஒரு வீடியோ கேமைச் செய்தார். கார்கள் ஒன்றோடு ஒன்று மோதும் விளையாட்டு. அதைக் காம்ப்பெல்லில் ஒரு பீட்சா கடையில் வைத்தார்கள். பாங்கைப் போல் இல்லை இது. உள்ளே ஒரு மைக்ரோப்ராசசர் இருந்தது. அதாவது, ப்ரோகிராமைப் படித்து நடத்தும் ஒரு சில்லு. விஷயம் ஃபேர்சைல்டுக்குத் தெரிந்தது. 'எங்களுக்கே ஒரு வீடியோ கேம் செய்து கொடு' என்று அவரையே ஒரு குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

மாற்றிப் போடும் கேட்ரிட்ஜ் என்ற எண்ணத்துக்கு முதல் மாதிரியைச் செய்தவர்கள் வேறு இருவர். கனெக்டிகட் மாநிலத்தில் ஆல்பெக்ஸ் என்ற கம்பெனியில் வேலை பார்த்த வாலஸ் கிர்ஷ்னரும் லாரன்ஸ் ஹாஸ்கெலும். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஆனால் ஒரு மாதிரி வேறு, கடையில் விற்கும் பொருள் வேறு. மாதிரியை இன்ஜினீயர்கள்தான் தொடுவார்கள். கடையில் வாங்கியதை நீங்கள் தொடுவீர்கள், உங்கள் தம்பி தொடுவான், சிப்ஸ் தின்ற கையோடு தொடுவான்.

கேட்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது? ஒரு நினைவகச் சில்லு. ராம் இல்லை, ரோம். ராமில் எழுதலாம், அழிக்கலாம். ரோமில் இருப்பதைப் படிக்க மட்டும்தான் முடியும். விளையாட்டின் ப்ரோகிராம் முழுவதும் அதில் இருக்கும். நீங்கள் சொருகியதும், கேட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் உலோகப் பற்கள் பெட்டிக்குள் இருக்கும் பற்களைத் தொடும். பெட்டியில் இருக்கும் ப்ராசசர் அந்த வழியாக ஒவ்வொரு கட்டளையாகப் படிக்கும். பந்தை நகர்த்து. சுவரில் பட்டதா பார். மணி அடி.

கேட்க எளிதா இருக்கு, இல்லையா? ஆனால் அதுவரை யாரும் இப்படி ஒரு சில்லை வீட்டில் இருப்பவர்கள் கையில் கொடுத்து, 'ஆயிரம் தடவை சொருகுங்க, உருவுங்க' என்று சொன்னதில்லை. பற்கள் தேய்ந்துவிட்டால்? கம்பளத்தில் நடந்துவிட்டு வந்து தொடும்போது சுருக்கென்று ஷாக் அடிக்குமே, அந்த மின்சாரத்தில் சில்லு எரிந்துவிட்டால்? இன்னொரு தலைவலியும் இருந்தது. பெட்டியிலிருந்து வரும் ரேடியோ அலைகள் பக்கத்து வீட்டு டிவியைக் கெடுக்கக் கூடாது என்பது அரசாங்க விதி. அதனால் கேட்ரிட்ஜ் போகும் வழியைச் சுற்றி உலோகக் கவசம் போட்டார்கள். ஒவ்வொரு புதிய கேட்ரிட்ஜையும் அரசாங்கச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ரான் ஸ்மித், நிக் டேல்ஸ்ஃபோர் போன்ற இன்ஜினீயர்களும் வடிவமைப்பாளர்களும் லாசனோடு சேர்ந்து இதற்கெல்லாம் விடை தேடினார்கள்.

1976 நவம்பரில் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கடைக்கு வந்தது. விலை 169 டாலர் 95 சென்ட். கேட்ரிட்ஜ்கள் நல்ல மஞ்சள் நிறம். கட்டம் போட்டு விளையாடும் டிக்-டாக்-டோ, படம் வரைவது, கணக்குப் புதிர் எல்லாம் இருந்தன. (கணக்குப் புதிரை யார் கேட்டாங்க என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது.) பெட்டியில் 'ஹோல்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் விளையாட்டு அப்படியே நிற்கும். அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது நீங்கள் பாஸ் பட்டனை அழுத்துகிறீர்களே, அதேதான்.

அடுத்த வருஷம், 1977-இல், அட்டாரியும் கேட்ரிட்ஜ் போடும் பெட்டியைக் கொண்டுவந்தது. அதுதான் ஜெயித்தது. என் கருத்து என்னன்னா, சேனல் எஃப் நல்ல மெஷின், ஆனால் அதன் விளையாட்டுகள் கொஞ்சம் சப்பென்று இருந்தன. அட்டாரியில்தான் எல்லோரும் பேசும் விளையாட்டுகள் வந்தன. ரொம்ப வருஷம் லாசனின் பெயரை யாரும் சொல்லவில்லை. 2011 மார்ச்சில், கேம் செய்பவர்களின் சர்வதேசச் சங்கம் அவரை அழைத்துப் பாராட்டியது. அடுத்த மாதம், ஏப்ரல் 9-ஆம் தேதி, அவர் காலமானார்.

பெயர் மறைந்துபோனது அவருக்கு மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் அட்டாரியும் விளையாட்டைச் செய்தவர் பெயரை எங்கேயும் போடாது. வாரன் ராபினெட் என்ற இளைஞர் அட்டாரியில் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டைத் தனியாளாகச் செய்தார். அதில் அவர் ஒரு ரகசிய அறையை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துப் போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். உள்ளே அவருடைய பெயர்! கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, யூட்டா மாநிலத்தில் ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டான். அதன் பிறகுதான் இப்படி ஒளித்து வைப்பதற்கு 'ஈஸ்டர் எக்' என்று பெயர் வந்தது. 1979-இல் அட்டாரியின் நான்கு ப்ரோகிராமர்கள் தங்களுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, போதிய பணமும் கிடைக்கவில்லை என்று வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அடுத்த தடவை விளையாட்டு முடிந்து பெயர்கள் ஓடும்போது உடனே பட்டனை அழுத்தித் தாண்டாதீங்க. கொஞ்சம் படிங்க.

கையில் அடங்கும் விளையாட்டு

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1989-இல் கையில் பிடித்து விளையாடும் இரண்டு மெஷின்கள் அமெரிக்காவில் வந்தன. ஒன்று நின்டெண்டோவின் கேம் பாய். மற்றொன்று அட்டாரி லிங்க்ஸ். லிங்க்ஸை உருவாக்கியது இங்கே ரெட்வுட் சிட்டியில் இருந்த எபிக்ஸ் என்ற கம்பெனி.

எது நல்ல மெஷின்? கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. லிங்க்ஸில் கலர் திரை, பின்னால் விளக்கு. இடது கைக்காரர்கள் திருப்பிப் பிடித்தும் விளையாடலாம். கேம் பாயில் கலரும் இல்லை, விளக்கும் இல்லை. பட்டாணிச் சூப் மாதிரி ஒரு பச்சைத் திரை. ராத்திரி காரில் விளையாடணும்னா தெருவிளக்கு வரும் வரை காத்திருக்கணும்.

ஆனால் ஜெயித்தது கேம் பாய்!

கேம் பாய்க்கு நான்கு சின்ன பேட்டரி போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். லிங்க்ஸுக்கு ஆறு பேட்டரி வேணும், நான்கு அல்லது ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். புத்தம் புதிய தொழில்நுட்பம் வேண்டாம், எல்லோரும் பழகிய மலிவான பாகத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவர் வழி. மலிவான பாகம் என்றால் லேசில் உடையும் என்று நினைக்காதீங்க. வளைகுடாப் போரில் தீயில் கருகிப்போன ஒரு கேம் பாய் பிறகும் வேலை செய்தது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் அதை ரொம்ப காலம் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

என்னைக் கேட்டால், கையில் பிடிக்கும் மெஷினுக்குப் படம் அழகா இருப்பது இரண்டாவது விஷயம். சான் ஹோசேவிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகுது. அரை வழியில் செத்துப்போகும் கலர் திரையை வைத்து என்ன செய்வது?

1998-இல் போக்கிமான் இங்கே வந்தது. நான் அப்போது உங்கள் வயதுப் பையன், பள்ளிக்கூடம் போனதும் இந்த நாட்டில்தான். சிவப்பு, நீலம் என்று இரண்டு கேட்ரிட்ஜ். எக்கான்ஸ் சிவப்பில் மட்டும் இருக்கும். சாண்ட்ஷ்ரூ நீலத்தில் மட்டும் இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் தனியாக எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. மற்ற கேட்ரிட்ஜ் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போய், இரண்டு கேம் பாயையும் ஒரு கேபிளால் இணைத்து, மாற்றிக்கொள்ளணும். அதை உருவாக்கிய சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். கேபிளைப் பார்த்ததும் அதில் பூச்சிகள் ஊர்ந்து போவது போல் அவருக்குத் தோன்றியதாம். வகுப்பில் புதிதாகச் சேர்ந்து, யாரிடமும் பேசத் தயங்கிய என்னைப் போன்ற பிள்ளைக்கு அந்தக் கேபிள் ஒரு பெரிய உதவி. 'உன்கிட்ட நீலம் இருக்கா?' என்று கேட்டால் போதும்.

துளை இருக்கு, ஆனால்...

இப்போது கார்டு வாங்காமலே விளையாட்டை நேராக இறக்கிக்கொள்ளலாம். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-க்குச் சில விளையாட்டுகள் 'கேம்-கீ கார்டு' ஆக வருகின்றன. கார்டு இருக்கும், ஆனால் அதற்குள் விளையாட்டு இருக்காது. அது ஒரு சாவி மட்டும்தான். சொருகிய பிறகு இன்டர்நெட்டிலிருந்து இறக்கணும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. 2023 மார்ச் மாதத்தில் நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் இன்டர்நெட் கடையை மூடிவிட்டது. அங்கே மட்டுமே விற்ற விளையாட்டுகளை இன்றைக்குக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆனால் லாசன் காலத்து மஞ்சள் கேட்ரிட்ஜ் ஒன்று எங்கேயாவது கிடைத்தால், வேலை செய்யும் பெட்டியும் இருந்தால், யாரையும் கேட்காமல் விளையாடலாம். நண்பனுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். தங்கைக்குக் கொடுக்கலாம். பெரியெசா சந்தையில் என் அப்பா எனக்குப் பழைய கேட்ரிட்ஜ்கள் வாங்கித் தருவார். ஒன்றில் முன்னே வைத்திருந்த பிள்ளையின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. இறக்கிக்கொண்ட விளையாட்டில் யார் பெயரை எழுதுவது?

என் மகள் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. "அப்பா, கார்டு தொலைஞ்சா விளையாட்டே போச்சு. டவுன்லோட் பண்ணினா தொலையவே தொலையாது" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. போன கோடையில் விமானத்தில் அவள் கார்டு ஒன்று இருக்கைக்கு அடியில் விழுந்துவிட்டது. ஃபோன் விளக்கை வைத்துக்கொண்டு நானும் அவளும் முட்டி போட்டுத் தேடினோம். முன் வரிசையில் இருந்த தாத்தா ஒருவர் தன் செருப்புக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துணூண்டுக்குள்ளயா விளையாட்டு இருக்கு?" என்று கேட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் அவள் அவருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தாள்.