ட்ரோக்பா போரை நிறுத்தினாரா?

ஒரு கால்பந்து வீரர் மண்டியிட்டு ஒரு நிமிடம் பேசினார், ஐவரி கோஸ்ட் நாட்டின் உள்நாட்டுப் போர் நின்றுவிட்டது. இப்படியொரு தகவல் வீடியோவோடு நமது வாட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது வலம் வருகிறது. 'வாப்பா, இது நெசமா?' என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? வீடியோ உண்மைதான். போர் நின்ற கதைதான் அவ்வளவு எளிதானதல்ல.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அந்நாட்டில் 2002 செப்டம்பரில் போர் மூண்டது. வடக்கு கிளர்ச்சிப் படையின் கையிலும் தெற்கு அரசின் கையிலும் இருக்க, நடுவே பிரெஞ்சு, ஐ.நா. படைகள் நின்றன. வடக்கில் முஸ்லிம்கள் அதிகம், தெற்கில் கிறிஸ்தவர்கள் அதிகம் என்பதால் இதை மதச் சண்டை என்று எழுதியவர்கள் உண்டு. அப்படிப் புரிந்துகொள்வது நமக்கும் சுலபம். ஆனால் சண்டையின் வேர் 'இந்த நாட்டுக்காரன் யார்?' என்ற கேள்வியில் இருந்தது. கோகோ தோட்டங்களில் உழைக்க புர்கினா ஃபாசோவிலிருந்தும் மாலியிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் வந்திருந்தனர். பொருளாதாரம் நலிந்த 1990களில் அரசியல்வாதிகள் அவர்களை அந்நியர் என்றனர். பெயராலும் மொழியாலும் அவர்களை ஒத்திருந்த சொந்த நாட்டு வடக்கத்தியர்களையும் அதே கணக்கில் சேர்த்தனர். முன்னாள் பிரதமர் அலசான் வத்தாராவே பெற்றோரின் பூர்வீகத்தைக் காரணம் காட்டி 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் தடுக்கப்பட்டார். இத்தகைய அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2005 அக்டோபர் 8 அன்று சூடானை 3-1 என வென்ற ஐவரி கோஸ்ட், முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடை மாற்றும் அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தெற்கைச் சேர்ந்த கிறிஸ்தவரான டிடியே ட்ரோக்பா மைக்கை வாங்கினார். அணியில் தூரே சகோதரர்களைப் போன்ற முஸ்லிம்களும் இருந்தனர். எல்லாப் பகுதிக்காரர்களும் சேர்ந்து ஆடியதால்தான் வென்றோம், ஆயுதங்களைக் கீழே வையுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று வீரர்கள் மண்டியிட்டு மன்றாடினர்.

மறுநாளே போர் முடிந்துவிடவில்லை. தேர்தலும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2007 மார்ச் 4 அன்று புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில்தான் அதிபர் லோரன் பாக்போவும் கிளர்ச்சித் தலைவர் கில்லோம் சோரோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். சோரோ பிரதமரானார்.

அப்படியானால் கால்பந்து செய்தது என்ன? நம் பார்வையில், வீடியோவில் வராத பகுதிதான் முக்கியமானது. ஒப்பந்தம் முடிந்த சில வாரங்களில் ட்ரோக்பா கிளர்ச்சியாளர்களின் கோட்டையான புவாக்கே நகருக்கே போனார். மடகாஸ்கருடனான ஆட்டத்தை அங்கே நடத்துவோம் என்றார். தலைவர்கள் கைகுலுக்கினாலும், எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனால் உயிரோடு திரும்புவோமா என்ற அச்சம் சாதாரண மக்களுக்குப் போவதில்லையே! ஜூன் 3 அன்று தேசிய அணி புவாக்கேயில் இறங்கியது. அரசுப் படையினரும் கிளர்ச்சிப் படையினரும் ஒரே மைதானத்தில் ஒரே அணிக்காகக் கைதட்டினர். 5-0 என வெற்றி. ஒப்பந்தத்தை மக்கள் கண்ணால் கண்டது அன்றுதான்.

ஆனால் பழைய வேர் அறுபடவில்லை. 2010 இறுதியில் தேர்தல் நடந்து வத்தாரா வென்றபோது பாக்போ பதவி விலக மறுத்தார். அடுத்த சில மாதங்களில் சுமார் 3000 பேர் கொல்லப்பட்டனர். அப்போதும் ட்ரோக்பா அதே அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2011இல் புதிய அரசு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைத்தபோது, அதன் உறுப்பினர்களில் ஒருவராக அவரையும் சேர்த்துக்கொண்டது.