கணினிவழி டிரம்ஸ் தட உருவாக்கம்

கணினிவழி டிரம்ஸ் தட உருவாக்கம் என்பது, டிரம்ஸ் கருவியை நேரடியாக வாசித்துப் பதிவு செய்யாமல், மென்பொருளின் துணையுடன் பாடலுக்கான தாளத் தடத்தை அமைக்கும் முறை ஆகும். டிரம்ஸ் மிகுந்த ஓசை எழுப்பும் கருவி. அதைப் பதிவு செய்யத் தகுந்த அறையும் பல ஒலிவாங்கிகளும் தேவைப்படும். இவ்வசதிகள் இல்லாமல் வீட்டில் ஒலிப்பதிவு செய்வோர் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

ரோஜர் லின் வடிவமைத்து 1980 இல் வெளிவந்த எல்எம்-1 என்னும் தாள இயந்திரம், உண்மையான டிரம்ஸ் ஒலிகளின் எண்முறைப் பதிவுகளைப் பயன்படுத்தியது. 1983 இல் அறிமுகமான மிடி சீர்தரம், இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று தகவல் பரிமாற வழி செய்தது. 1991 இல் வெளியான ஜெனரல் மிடி சீர்தரத்தில் 10 ஆம் சேனல் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டது.

செயற்படும் முறை

மிடி தடத்தில் ஒலி எதுவும் சேமிக்கப்படுவதில்லை. எந்தக் கருவியை, எந்த நேரத்தில், எவ்வளவு விசையுடன் அடிக்க வேண்டும் என்னும் எண்களே அதில் உள்ளன. விசை 1 முதல் 127 வரையான எண்ணால் குறிக்கப்படும். மென்பொருள் இவ்வெண்களைப் படித்து, முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒலித்துண்டுகளை ஒலிக்கச் செய்கிறது. ஆகவே, தடத்தை அமைத்த பின்னரும் அதன் வேகத்தையும் கருவிகளையும் எளிதில் மாற்றலாம். எனினும், அதனுடன் சேர்த்துப் பதிவு செய்த குரலும் கிதாரும் அவ்வாறு தாமாக மாறா. எனவே பாடலின் வேகத்தை முதலிலேயே உறுதி செய்வது நல்லது.

எடுத்துக்காட்டு

நிமிடத்திற்கு 120 அடிகள் என்னும் வேகத்தில், நான்கு அடிகள் கொண்ட ஒரு தாளச் சுற்று 2 நொடிகள் நீடிக்கும். அதை 16 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் 0.125 நொடி ஆகும். ராக் இசையின் அடிப்படைத் தாளம் ஒன்று பின்வருமாறு அமையும்:

* கிக் (காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய முரசு): 1, 9
* ஸ்னேர் (கம்பிகள் பொருத்திய சிறு முரசு): 5, 13
* மூடிய ஹை-ஹேட் (இணைத் தாளத் தட்டுகள்): 1, 3, 5, 7, 9, 11, 13, 15

இயல்பான ஒலி

எல்லா அடிகளும் ஒரே விசையுடன் ஒலித்தால் தாளம் இயந்திரத்தனமாகத் தோன்றும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1, 5, 9, 13 ஆம் கட்டங்களில் ஹை-ஹேட்டின் விசையை 100 எனவும், ஏனையவற்றில் 70 எனவும் வைத்தால் வேறுபாட்டை உணரலாம். சில அடிகளைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி முன்பின் நகர்த்துவதும் உண்டு. கலைஞருக்கு இரு கைகளே உள்ளதால், கையால் அடிக்கும் மூன்று கருவிகளை ஒரே கணத்தில் ஒலிக்கச் செய்தல் இயல்பாக இராது.

ஹைட்ரஜன் மென்பொருள்

அலெசாண்ட்ரோ கோமினு தொடங்கிய ஹைட்ரஜன், இப்பணிக்கான கட்டற்ற மென்பொருள் ஆகும். இது லினக்ஸ், விண்டோஸ், மாக் இயங்குதளங்களில் இயங்குகிறது. சிறு தாளக் கோலங்களை உருவாக்கி, அவற்றை வரிசைப்படுத்தி முழுப் பாடலாக்கலாம். விசையையும் நேரத்தையும் சிறிதளவு மாற்றி ஒலிக்கச் செய்யும் வசதியும் இதில் உண்டு. ஒவ்வொரு கருவியையும் தனித்தனி ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்தால், ஒலிக்கலவையின்போது அவற்றின் ஒலியளவைத் தனித்தனியே சரிசெய்யலாம்.